கடலுக்கும் உண்டு விதைநெல்

சித்திரை பிறந்ததும் நம்ம பூந்தமல்லியில் வஞ்சிரம் விலை ஏறுகிறதே, ஏன் தெரியுமா?

முன்னெல்லாம் காற்றும் நீரோட்டமும் இடம் கொடுத்த நாளில்தான் கட்டுமரம் கடலுக்குப் போகும். 1950-க்குப் பிறகு விசைப்படகும் இழுவலையும் வந்தன. இறால் ஏற்றுமதிக்காக வருஷம் பூராவும் கடலடியை அரித்தார்கள். சினைமீனும் குஞ்சும் சேர்ந்தே போயின. கட்டுமரக்காரர் வயிற்றில் அடி விழுந்தது. கடலில் சண்டை மூண்டது.

அதனால் 1983-இல் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று அப்போது அது சொன்னது. 2001-இல் இனப்பெருக்க காலத்துக்கு 45 நாள் தடை வந்தது. 2017 முதல் அது 61 நாள்: ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை. நாட்டுப்படகுக்குத் தடையில்லை.

விசைப்படகுத் தொழிலாளிக்கு இது கஷ்டகாலம்தான். ஆனால், விதைநெல்லைக் குத்தித் தின்றுவிட்டால் அடுத்த போகம் ஏது? இது நமக்குத் தெரியாததா!