ஈயத் தூசும் ஒரு வைத்தியரும்

தொழில் மனிதனுக்குச் சோறு அளிக்கிறது. அத்தொழிலே சில வேளைகளில் அவனுடைய உடலைச் சிறிது சிறிதாக அரித்தும் விடுகிறது. இவ்வுண்மையை விரிவான நூலாக எழுதி வைத்திய உலகின் முன் வைத்தவர் இத்தாலிய வைத்தியரான பேர்னார்டினோ இரமசீனி. அவருடைய நூல் 1700ஆம் ஆண்டில் வெளிவந்தது. நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, அவன் செய்யும் தொழில் யாதென்பதையும் கேட்டறிதல் வேண்டுமென அவர் வற்புறுத்தினார்.

கேள்வி பிறந்துவிட்டது. ஆயினும், பிரித்தானியாவில் தொழிற்சாலைகளின் வைத்தியப் பரிசோதகர் என்றொரு பதவி தோன்றுவதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது. 1898ஆம் ஆண்டில் அப்பதவியை முதன்முதல் ஏற்றவர் தோமஸ் மொறிசன் லெக். சீன ஞானியரின் நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் புகழ்பெற்ற ஜேம்ஸ் லெக் என்பாரின் மைந்தர் இவர். 1863இல் ஹொங்கொங்கிற் பிறந்தவர்.

அவர் எதிர்நோக்கிய பகைகளுள் முதன்மையானது ஈயம். மட்பாண்டங்களுக்கு மெருகூட்டவும், ஈயத்திலிருந்து செய்யப்படும் வெண்பொடியைக் கொண்டு வர்ணம் தயாரிக்கவும் அக்காலத்தில் அது பெரிதும் பயன்பட்டது. அந்நஞ்சு உடலிற் சேர்ந்தால் வயிற்றைப் பிசையும் வலி தோன்றும்; முகம் வெளிறும்; பல்லீறுகளில் நீலக்கோடு படரும்; மணிக்கட்டு வலுவிழந்து கை தொங்கிவிடும். நோய் முற்றினால் வலிப்பும் மரணமும் நேரும். கருவுற்ற பெண்களின் சிசுக்களையும் அது விட்டுவைக்கவில்லை. ஈய நஞ்சேறியவரைக் கண்டால் வைத்தியர்கள் அரசாங்கத்துக்கு அறிவித்தல் வேண்டுமென 1895ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1900ஆம் ஆண்டில் மாத்திரம் இவ்வாறு அறிவிக்கப்பட்டவர்களின் தொகை ஆயிரத்துக்கும் மேலாகும்.

இந்நோய்க்குக் காரணம் யார்? தொழிலாளியே என்றனர் பலர். அவன் கைகழுவாது உண்கிறான், அழுக்காடையுடன் வீடு செல்கிறான், சொன்ன புத்தியைக் கேட்பதில்லை என்பன அவர்கள் அடுக்கிய குற்றச்சாட்டுகள். லெக் பட்டறை பட்டறையாகச் சென்று பார்த்தார். நோயாளர் எந்த வேலையில் நின்றவர்கள் என்பதை ஆராய்ந்தார். அவர் கண்ட முடிவு வேறாக இருந்தது. நஞ்சு பெரும்பாலும் உட்புகுவது கைவழியாக அன்று, மூச்சுவழியாகவே. காற்றில் மிதக்கும் ஈயத் தூசையும் புகையையும் தடுத்துவிட்டால் நோயும் நின்றுவிடும் என அவர் துணிந்தார்.

தூசு எழும் இடத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்றும் குழாய்களும் விசிறிகளும் பொருத்தப்பட்டன. அபாயம் மிக்க வேலைகளில் உள்ளோர் காலந்தோறும் வைத்தியப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். பத்து ஆண்டுகளுக்குள், அறிவிக்கப்பட்ட நோயாளர் தொகை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

இவ்வனுபவத்திலிருந்து லெக் வகுத்த கொள்கை எளிமையானது. தொழில் கொள்வோர் தாம் செய்யவேண்டிய யாவற்றையும் செய்து முடிக்கும்வரை, தொழிலாளி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யக்கூடியது மிகச் சொற்பமே. முகமூடி, கையுறை, சவர்க்காரம் என்பன நல்லவை. ஆனால் அவை ஒவ்வொரு நாளும் அவனுடைய நினைவையும் மனத்தையும் நம்பியிருப்பவை. அவன் மறந்தாலும் களைத்தாலும் இடையறாது இயங்கும் காப்பே உறுதியான காப்பு. தான் கையாளும் பொருளின் அபாயத்தை அவன் முன்கூட்டியே அறிதல் வேண்டும். தன் உயிரைக் கொடுத்து அதனைக் கற்றுக்கொள்ளும் நிலை வரலாகாது.

எனினும், வீடுகளுக்கு வர்ணம் பூசுவோரின் நிலை வேறு. பழைய வர்ணத்தை அவர்கள் உலர்ந்தபடியே தேய்த்து அகற்றும்போது ஈயத் தூசு முகத்தில் எழும். ஊர் ஊராய்ச் சென்று சுவர் தோறும் விசிறி பொருத்துதல் இயலுமா? அந்நஞ்சை விலக்குவதே வழி. 1921இல் ஜெனீவாவிற் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு, கட்டிடங்களின் உட்புறத்தில் ஈய வெண்பொடி வர்ணம் பூசுவதை, சில விலக்குகளுடன், தடைசெய்யும் உடன்படிக்கையை நிறைவேற்றியது. லெக் அதனை ஆதரித்தார். ஆனால் பிரித்தானிய அரசாங்கம் அதை ஏற்க மறுத்து, 1926இல் தடைக்குப் பதிலாகக் கட்டுப்பாடுகளை மட்டும் விதிக்கும் சட்டத்தை இயற்றியது. அவ்வாண்டிலேயே லெக் பதவி துறந்தார். முந்திய ஆண்டிலேதான் அவருக்கு 'சேர்' பட்டம் கிடைத்திருந்தது. பின்னர் அவர் தொழிற்சங்கப் பேரவையின் வைத்திய ஆலோசகராகப் பணியாற்றி, 1932இற் காலமானார்.

இன்று பல நிறுவனங்கள் தம் ஊழியர்க்கு யோகாசன வகுப்புகளும், உணவு பற்றிய ஆலோசனைகளும், மன அமைதிக்கான பயிற்சிகளும் நடத்துகின்றன. அவற்றை நாம் இகழ்தல் தகாது. ஆனால் அவை யாவும் ஊழியன் தன்னைத் திருத்திக்கொள்ளச் சொல்பவை. வேலை நேரம் எவ்வளவு, இளைப்பாறும் இடம் எங்கே, காற்று தூயதா, வேலைப்பளு தாங்கத்தக்கதா என்பவற்றை நிருணயிப்பவன் அவனல்லன். ஆகவே, அத்தகைய திட்டமொன்றைக் காணும்போது லெக்கின் அளவுகோலை நாம் எடுத்துக்கொள்வோமாக: தொழிலாளியிடம் எதையேனும் கேட்பதற்கு முன், வேலைத்தலத்தில் மாற்றப்பட்டது யாது?