செம்மண்ணில் செத்தல் மிளகாய்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணாம்புக் கல்லின்மேல் படிந்த செம்மண். கிணற்றில் அளவுமீறி இறைத்தால் உவர்நீர் ஏறிவிடும். அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிப் போர்த்துக்கேயரால் கீழைத்தேயங்களுக்கு வந்த மிளகாய், இந்த நிலத்தோடு நன்கு இசைந்தது. வேரில் நீர் தேங்கினால் அழுகிவிடும் செடி அது. வரட்சியை ஓரளவு பொறுக்கும். நீர் வழிந்தோடும் மண்ணும் கிணற்றிறைப்பும் அதனைக் காத்தன. கொளுத்தும் கோடை வெயிலோ பழத்தைச் செத்தலாக்கிப் பணமாக்கியது.

1970 இல் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, உள்ளூர்ச் செத்தலுக்கும் வெங்காயத்துக்கும் விலை ஏறிற்று. விசுவமடுவில் குடியேறிய படித்த வாலிபரும் மிளகாய் நட்டனர். அக்காலத்தைப் பொற்காலம் என்பாருடன் நான் உடன்படுவதில்லை. பாணுக்கு வரிசையில் நின்றதும், பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுந்ததும் அதே ஆண்டுகளில்தான். எனினும், அரச உத்தியோகமே கதி என்றிருந்த சமூகத்துக்கு மண்வெட்டியும் மதிப்பைத் தந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

1977 இல் ஜே.ஆர். ஜயவர்த்தனா இறக்குமதிக் கதவுகளைத் திறந்தார். மலிவான செத்தல் வந்து குவிந்தது. வடபகுதி விவசாயி விலையிழந்தான். வரட்சியைத் தாங்கிய செடியால் வர்த்தமானி அறிவித்தலைத் தாங்க முடியவில்லை.

1990 இல் போர் மீண்டும் மூண்டபின் எரிபொருளும் உரமும் தடைப்பட்டன. வலிகாமம் வடக்கின் செழிப்பான செம்மண் தோட்டங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. 2009 இல் போர் ஓய்ந்த பின்னரும் அவை கட்டங்கட்டமாகவே உரியவர் கைக்குத் திரும்பின.