அந்தமான் தலைநகர்க் காட்சியிடப் பெயர்கள்: வரலாறும் தமிழாக்கமும்

முன்னுரை

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகருக்குச் செல்லும் பயணியர் காணும் இடங்களுள் பல, ஒரு தண்டனைக் குடியேற்றத்தின் எச்சங்களாகும். சிறைக்கூடம், தூக்குமேடை, மர அறுவை ஆலை, ஆட்சியாளர் வாழ்ந்த தீவு ஆகியன இன்று காட்சியிடங்களாக விளங்குகின்றன. இவற்றின் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்து வழியாகவே தமிழுக்கு வருகின்றன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இத்தீவுகளில் வங்காளம், இந்தி ஆகியவற்றுக்கு அடுத்த நிலையில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் உள்ளனர். எனவே இப்பெயர்களைத் தமிழில் எழுதும் முறை தமிழ்மக்கள் வாழும் ஊரைப் பற்றிய வினாவாகும். அப்பெயர்களின் வரலாற்றையும் தமிழாக்கச் சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

குடியேற்றம் இட்ட பெயர்கள்

1789இல் ஆர்ச்சிபால்டு பிளேர் சாத்தம் தீவில் அமைத்த குடியேற்றத்திற்குக் கடற்படைத் தலைவர் கார்ன்வாலிசின் பெயர் இடப்பட்டது. 1792இல் குடியேற்றம் வட அந்தமானுக்கு மாறியபோது பெயரும் உடன் சென்றது. 1796இல் அவ்விடமும் கைவிடப்பட்டது. 1857ஆம் ஆண்டு எழுச்சியை அடுத்து, 1858 மார்ச்சில் கைதிகளைக் கொண்டு மீண்டும் தொடங்கிய குடியேற்றம் பிளேரின் பெயரைப் பெற்றது.

வைப்பர் தீவின் பெயர் பிளேரின் கப்பற்பெயரிலிருந்து வந்தது. அதனைப் ‘பாம்புத் தீவு’ என மொழிபெயர்ப்பது பிழையாகும். மேயோ பிரபுவைக் கொன்ற ஷேர் அலி 1872இல் தூக்கிலிடப்பட்டது இத்தீவில்தான். ராஸ் தீவு, கடல் நில அளவையாளர் டேனியல் ராசின் பெயரைத் தாங்கியது. ‘ரோஸ்’ என்று எழுதினால் மலர்ப்பெயராக மயங்க இடமுண்டு. 2018இல் அத்தீவுக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் பெயர் சூட்டப்பட்டது.

மலபாரிலிருந்து வந்த பெயர்கள்

1921ஆம் ஆண்டு மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் இங்குக் கொண்டுவரப்பட்ட மாப்பிள்ளைமார் தம் ஊர்ப்பெயர்களையும் உடன் கொணர்ந்தனர். திரூர், மஞ்சேரி, மண்ணார்க்காடு, வண்டூர் என்பன அத்தகையன. கடல்சார் தேசியப் பூங்காவின் வாயிலாகப் பயணியர் அறிந்த ஊரைத் தமிழில் ‘வாண்டூர்’ என எழுதுவது உரோம எழுத்தைப் பின்பற்றியதன் விளைவாகும். மூலவடிவம் ‘வண்டூர்’ என்பதே. மண்ணார்க்காடு என்பதன் ஆங்கில எழுத்துவடிவத்தில் ஈற்றிலுள்ள ‘காடு’, ‘காட்’ என்னும் படித்துறைச் சொல்லாகத் தோற்றமளிக்கிறது. தமிழில் எளிதில் விளங்கும் ஒரு சொல், அயலெழுத்தின் வழியே வந்ததால் பொருள் இழந்து நிற்கிறது.

சிறையும் கடலும்

செல்லுலார் சிறை 1896 முதல் 1906 வரை கட்டப்பட்டது. நடுக்கோபுரத்திலிருந்து ஏழு கிளைகள் பிரிந்தன. ஒவ்வொரு கிளையின் முகப்பும் அடுத்ததன் பின்புறத்தை நோக்கியிருந்தது. கைதிகள் ஒருவரையொருவர் காணாதிருக்கவே இவ்வமைப்பு. இன்று மூன்று கிளைகளே எஞ்சியுள்ளன. 1979இல் இது தேசிய நினைவகமாக அறிவிக்கப்பட்டது. பொதுக்கூடங்கள் இன்றித் தனிக் கொட்டடிகளால் ஆனது என்பதே பெயரின் பொருள். ஆகவே இப்பெயர் ஒரு தண்டனைக் கொள்கையின் பெயருமாகும். ஒலிபெயர்ப்பு மட்டும் போதுமானதன்று. முதல் வழக்கிலேனும் ‘தனிக்கொட்டடிச் சிறை’ என்ற விளக்கம் உடன்வர வேண்டும்.

நாடுகடத்தலை இந்தி வழக்கு ‘காலாபானி’ என்றது. தமிழில் வழங்கிய சொல் ‘தீவாந்தரம்’. முன்னது கடக்க வேண்டிய கடலைச் சுட்டுகிறது. பின்னது சென்று சேரும் மறுதீவைச் சுட்டுகிறது. ‘காலாபானி’யைக் ‘கருநீர்’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதைவிட, நீதிமன்றத்திலும் மக்கள் பேச்சிலும் வேரூன்றிய ‘தீவாந்தர’த்தை மீட்டெடுப்பது பொருத்தமாகும்.

புதிய பெயரும் பழைய மெய்க்கீர்த்தியும்

2024 செப்டம்பரில் தலைநகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்படுவதாக மத்திய அரசு அறிவித்தது. விடுதலைப் போரின் வெற்றியைக் குறிப்பதாக இப்பெயருக்கு விளக்கம் தரப்பட்டது. சோழர் கடற்படைத் தளம் பற்றியும் அவ்வறிவிப்பு குறிப்பிட்டது. தமிழறிஞர்க்கு இப்பெயர் வேறொன்றையும் நினைவூட்டும். முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில், கடல்கடந்து வென்ற இடங்களின் வரிசையில், நிக்கோபாராகக் கொள்ளப்படும் மாநக்கவாரமும் ஸ்ரீவிஜயமும் இடம்பெறுகின்றன. அங்கு ஸ்ரீ என்பது ‘சீர்’ என நிற்கிறது. அதே சொல் வென்றவனின் வெற்றியையும் வெல்லப்பட்ட நாட்டையும் ஒருங்கே குறிக்க வல்லது. ‘வெற்றிநகர்’ என மொழிபெயர்த்தால் இரண்டாம் பொருள் மறையும். இங்கு ஒலிபெயர்ப்பே தகும்.

முடிவுரை

மேற்கண்ட மாற்றங்கள் எதிலும் தீவின் தொல்குடியினர் இட்ட பெயர்கள் இடம்பெறவில்லை. 1859 மே 17இல் அபர்தீனில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டவர் கிரேட் அந்தமானியர். அப்போர்க்களத்தைப் பயணியர் ஒரு ஸ்காட்லாந்து நகரின் பெயராலேயே அறிகின்றனர். அக்குடியினரின் மொழிகளுள் ஒன்றான ‘போ’, அதன் இறுதிப் பேச்சாளர் 2010இல் மறைந்தபோது வழக்கொழிந்தது. ஆட்பெயர்களை ஒலிபெயர்த்தல், திராவிட ஊர்ப்பெயர்களை மூலவடிவில் எழுதுதல், பொருளுடைய பெயர்களை விளக்கத்துடன் தருதல் என்னும் மூன்று நெறிகளை மொழிபெயர்ப்பாளர் கைக்கொள்ளலாம். இவற்றுடன், மொழியியலார் பதிவுசெய்துள்ள தொல்குடிப் பெயர்களை அடைப்புக்குறிக்குள்ளேனும் சேர்ப்பது நான்காவது நெறியாக அமைய வேண்டும். வழிகாட்டிப் பலகைகள் மாறினும், அச்சில் நிற்கும் மொழிபெயர்ப்பு அப்பெயர்களைக் காத்து வைக்கும்.