நிலநடுக்கப் பரவல்: இந்தியாவும் வானூர் வட்டாரமும்

இந்தியாவில் நிலநடுக்கம் இமயமலை, வடகிழக்கு மாநிலங்கள், அந்தமான் ஆகிய பகுதிகளில் அடிக்கடியும், தென்னிந்தியத் தீபகற்பத்தில் அரிதாகவும் நேர்கிறது.

இந்தியப் புவித்தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடக்கே நகர்ந்து ஆசியத் தட்டை முட்டுகிறது. இதனால் சேரும் அழுத்தம் பாறைகளை உடைத்து வெளிப்படும்போது நிலம் அதிர்கிறது. ஷில்லாங் (1897), காங்ரா (1905), பீகார் (1934), அசாம் (1950) ஆகிய பெரும் நிலநடுக்கங்கள் இந்த மோதலால் நேர்ந்தவை.

தீபகற்பம் பழமையான கடும்பாறையால் ஆனது. ஆயினும் அதன் பழைய பிளவுகளிலும் அழுத்தம் சேர்வதுண்டு. கோயம்புத்தூரில் 1900-இலும், மகாராட்டிரத்தின் லாத்தூரில் 1993-இலும் நிலம் அதிர்ந்தது. லாத்தூர் நடுக்கத்தின் அளவு 6.2தான். ஆனால் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள் சரிந்ததால் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2002-இல் திருத்திய வரைபடம் நாட்டை II முதல் V வரை நான்கு மண்டலங்களாகப் பிரித்தது. மிகுந்த ஆபத்துள்ள V-ஆம் மண்டலம் நாட்டின் பரப்பில் சுமார் 11 விழுக்காடு. குசராத்தின் கட்சு மாவட்டமும் அதில் அடங்கியது. தமிழ்நாடு II, III மண்டலங்களுக்குள் அமைந்தது. அத்திருத்தத்தில் சென்னை II-இலிருந்து III-க்கு உயர்த்தப்பட்டது.

விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டாரம் உணர்ந்த குறிப்பிடத்தக்க அதிர்வு ஒன்று 2001 செப்டம்பர் 25 அன்று இரவு எட்டரை மணியளவில் நேர்ந்தது. அதன் மையம் புதுச்சேரிக்குக் கிழக்கே வங்கக் கடலில் இருந்தது, அளவு 5.5. சென்னை வரை மக்கள் வீட்டைவிட்டுத் தெருவுக்கு வந்தனர். சில கட்டடங்களில் விரிசல் விழுந்தது. அதே ஆண்டு சனவரியில் கட்சு மாவட்டத்துப் புஜ்ஜை உலுக்கிய நடுக்கம் இதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலான ஆற்றலை வெளியிட்டது. ஏனெனில், அளவில் ஓர் எண் கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்காகும்.

இவ்வட்டாரத்தில் உணரும் அதிர்வெல்லாம் நிலநடுக்கம் அல்ல. இங்குள்ள திருவக்கரைப் பக்கம் கல் குவாரிகள் உள்ளன. குவாரியில் வெடி வைக்கும்போதும் அருகிலுள்ள வீடுகளில் பாத்திரம் குலுங்கக்கூடும். அவ்வதிர்வு நொடியில் அடங்கிவிடும். சுற்றுப்புற ஊர்களைத் தாண்டாது. வலுவான நிலநடுக்கமோ ஒரே நேரத்தில் பல மாவட்டங்களில் உணரப்படும்.

தொலைவில் நேரும் நடுக்கமும் இவ்வட்டாரத்தைத் தாக்குவதுண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்திரா அருகே கடலடியில் 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்துப் பொம்மையார்பாளையம் உள்ளிட்ட மீனவக் குப்பங்களில் ஆழிப்பேரலை புகுந்தது.