நாகவல்லியின் ஓவியமும் எல்லைத் தமிழும்

ஃபாசில் இயக்கத்தில் 1993இல் வெளிவந்த மலையாளப் படம் ‘மணிச்சித்ரத்தாழ்’. அப்படத்தில் பேய்க்கு முதலில் உருவம் தருவது ஓர் எண்ணெய் வண்ண ஓவியமே. பூட்டிக் கிடந்த தெக்கினியில் ஆளுயரத்தில் நிற்கும் நாகவல்லியை, நேரில் எவரையும் மாதிரியாக நிறுத்தாமல் கற்பனையிலேயே தீட்டினார் ஓவியர் ஆர். மாதவன்.

இவ்வோவியப் பாணி திருவிதாங்கூரில் வேரூன்றிய கதையும் இங்கு நினைக்கத்தக்கது. அரண்மனை ஓவியரான மதுரை ராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ண நுட்பத்தைக் கற்பிக்க மறுத்தபோது, அவர் மாணவர் ஆறுமுகம் பிள்ளை இளம் இரவிவர்மாவுக்கு மறைவாக உதவினார் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. கேரளம் பெருமைகொள்ளும் அம்மரபின் தொடக்கத்திலேயே தமிழ்க் கை ஒன்று உண்டு.

நாகவல்லி தஞ்சாவூர் நடனமாது. மாடம்பள்ளிக் காரணவர் சங்கரன் தம்பி அவளைக் கொணர்ந்தார், பின்னர் கொன்றார். மலையாளம் பேசும்வரை கங்கா குடும்பப்பெண். தமிழ் பேசத் தொடங்கியதும் அவள் நாகவல்லி. அத்தமிழுக்குக் குரல் தந்த துர்காவின் பெயரும் நெடுங்காலம் வெளியே தெரியவில்லை.

இது மலையாளத்தின் குறை மட்டுமன்று. தமிழில் ‘சந்திரமுகி’யாக (2005) வந்தபோது நடனமாது ஆந்திரத்தவள் ஆனாள், தெலுங்கு பேசினாள். கன்னட ‘ஆப்தமித்ரா’விலும் (2004) அவள் மொழி தெலுங்கே. இந்தி ‘பூல் புலையா’வில் (2007) வங்காளி. கதை எம்மொழிக்குப் பெயர்ந்தாலும் பேய் வேற்றுமொழியே பேசுகிறது. வன்முறை நிகழ்த்தியவர் வீட்டுக்காரர், அச்சத்துக்குரியவளோ அயலாள்.

காட்டாக்கடை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரங்களில் இவ்வினா கூர்மை பெறுகிறது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய பகுதிகளுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை சென்னை மாநிலத்தில் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. படப்பிடிப்பு நிகழ்ந்த இடங்களுள் ஒன்றான பத்மநாபபுரம் அரண்மனையோ தமிழ்நாட்டு மண்ணில் இருந்தும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ளது.

வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசி வளரும் எல்லையோரக் குழந்தைக்கு நாகவல்லியின் மொழி அச்சமூட்டும் ஓசை அன்று, பாட்டியின் பேச்சு. திகில் படங்களை ஆராயும் மாணவர்கள் பேய் யாரை அச்சுறுத்துகிறது என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. அது யாருடைய மொழியில் பேசவைக்கப்படுகிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.