சூழொலி ஒலிபெருக்கி

சூழொலி ஒலிபெருக்கி என்பது, ஹோம் தியேட்டர் எனப்படும் வீட்டுத் திரையரங்கில், கேட்பவரின் பக்கவாட்டிலோ சற்றுப் பின்புறமாகவோ வைக்கப்படும் ஒலிபெருக்கி ஆகும். மழை, கூட்டத்தின் ஆரவாரம், தலைக்கு மேல் கடந்து செல்லும் வானூர்தி போன்ற சூழல் ஒலிகளை இது தருகின்றது. குறைந்த செலவில் முதன்முதலாக வீட்டுத் திரையரங்கு அமைப்போர், ஒலிபெருக்கிகளின் எண்ணிக்கையையும் வாட் அளவையும் மட்டுமே பார்த்து வாங்குவது உண்டு. ஆயினும், நடு ஒலிபெருக்கியின் தரமும் ஒலிபெருக்கிகள் வைக்கப்படும் இடமுமே கேட்கும் ஒலியை அதிகம் தீர்மானிக்கின்றன.

வரலாறு

வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் ஃபேண்டேசியா (1940) திரைப்படம் பல்தட ஒலியை வணிக முறையில் பயன்படுத்திய முன்னோடிப் படமாகும். வீட்டுப் பயன்பாட்டிற்கான டால்பி சரவுண்ட் 1982 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இதில் சூழொலிக்கு ஒரே ஒரு தடம் மட்டுமே இருந்தது. அதன் அதிர்வெண்ணும் ஏறத்தாழ 7,000 ஹெர்ட்சுக்குள் வரையறுக்கப்பட்டிருந்தது. எனவே சூழொலிக்கு மிகச் சிறிய ஒலிபெருக்கிகளே போதுமானவையாக இருந்தன.

1992 ஆம் ஆண்டில் பேட்மேன் ரிட்டர்ன்ஸ் திரைப்படத்துடன் அறிமுகமான டால்பி டிஜிட்டல் முறையில், இடம், வலம் என இரு தனித்தனிச் சூழொலித் தடங்கள் முழு அதிர்வெண் நெடுக்கத்துடன் அமைந்தன. பின்னர் டிவிடி வழியாக இம்முறை வீடுகளில் பரவியது. 2012 இல் திரையரங்குகளுக்கு வந்த டால்பி அட்மாஸ், உயரத்திலிருந்து வரும் ஒலியையும் சேர்த்தது.

5.1 அமைப்பு

5.1 என்பதில் உள்ள 5, முன் இடம், முன் வலம், நடு, சூழொலி இடம், சூழொலி வலம் ஆகிய ஐந்து முழுநெடுக்கத் தடங்களைக் குறிக்கும். 1 என்பது தாழ் அதிர்வெண் விளைவுகளுக்கான தனித்தடம். இதனைச் சப்-ஊஃபர் ஒலிக்கின்றது. உரையாடலின் பெரும்பகுதி நடுத் தடத்திலேயே பதிவு செய்யப்படுகின்றது. ஆகவே நடு ஒலிபெருக்கி தரம் குறைந்ததாயின், பேச்சு தெளிவற்றுப் போகும். சூழொலி எவ்வளவு சிறந்ததாயினும் அக்குறையை ஈடு செய்யாது.

தெரிவு செய்தல்

முன் ஒலிபெருக்கிகள் மூன்றும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையைச் சேர்ந்தவையாக இருப்பது நன்று. இல்லையெனில், திரையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகரும் குரலின் தன்மை வழியிலேயே மாறுபட்டுக் கேட்கும். சூழொலி ஒலிபெருக்கிகளுக்கு இக்கட்டுப்பாடு அவ்வளவு இன்றியமையாததன்று. எளிய, சிறிய இருவழி ஒலிபெருக்கிகள் போதும். அவற்றின் தாழ் ஒலியை, ஏ.வி. ரிசீவரின் அமைப்புகளில் 80 ஹெர்ட்ஸ் போன்ற ஓர் எல்லையை இட்டு, சப்-ஊஃபருக்குத் திருப்பிவிடலாம்.

பணம் போதாதபோது, மலிவான ஆறு ஒலிபெருக்கிகளை ஒருங்கே வாங்குவதைவிடப் படிப்படியாக வாங்குவது பயன் தரும்:

1. முதலில் ரிசீவரும் தரமான இரு முன் ஒலிபெருக்கிகளும். நடு ஒலிபெருக்கி இல்லை என ரிசீவரில் குறிப்பிட்டால், உரையாடல் இவ்விரண்டின் வழியாகவும் ஒலிக்கும்.
2. அடுத்து நடு ஒலிபெருக்கி.
3. பின்னர் சப்-ஊஃபர்.
4. இறுதியாகச் சூழொலி ஒலிபெருக்கிகள்.

ஒரே பெட்டியில் விற்கப்படும் முழுத் தொகுப்புகள் விலை குறைந்தவை. எனினும் அவற்றுட் பல தமக்கே உரிய இணைப்பிகளைக் கொண்டிருப்பதால், பின்னர் ஒரு பகுதியை மட்டும் மாற்றுவது கடினம். பழைய ஒலிபெருக்கிகளை வாங்குவோர், கூம்பின் விளிம்பிலுள்ள நுரை வளையம் உதிர்ந்துள்ளதா எனப் பார்த்தல் வேண்டும்.

ஆற்றல் அளவுகள்

பி.எம்.பி.ஓ. எனப் பெட்டிகளில் அச்சிடப்படும் ஆயிரக்கணக்கான வாட் அளவிற்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவீட்டு முறை எதுவும் இல்லை. அதனைக் கொண்டு இரு கருவிகளை ஒப்பிட இயலாது. ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய மிகைக் கூற்றுகளைக் கட்டுப்படுத்தக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1974 ஆம் ஆண்டிலேயே விதி வகுத்தது. ஆர்.எம்.எஸ். எனக் குறிக்கப்படும் தொடர் ஆற்றலையே கருத்திற் கொள்ள வேண்டும்.

ஆற்றலை இருமடங்காக்கினால் ஒலிமட்டம் 3 டெசிபெல் மட்டுமே உயரும். காதுக்கு ஒலி இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு ஆற்றல் தேவை. எனவே 50 வாட்டிற்கும் 100 வாட்டிற்கும் உள்ள வேறுபாடு சிறிதே. ஒலிபெருக்கியின் உணர்திறனும் இதே அளவு முக்கியமானது. 87 டெசிபெல் உணர்திறன் உடையது, 84 டெசிபெல் உடையதன் பாதி ஆற்றலிலேயே அதே அளவு ஒலியைத் தரும். ஒலிபெருக்கியின் ஓம் அளவு, ரிசீவர் தாங்கும் அளவிற்குக் குறையாமல் இருத்தல் வேண்டும்.

அமைக்கும் இடம்

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, கேட்பவருக்கு நேர் முன்னே நடு ஒலிபெருக்கியும், அதிலிருந்து இருபுறமும் 30 பாகைக் கோணத்தில் முன் ஒலிபெருக்கிகளும், 100 முதல் 120 பாகைக்குள் சூழொலி ஒலிபெருக்கிகளும் அமைய வேண்டும். அதாவது, சூழொலி ஒலிபெருக்கிகள் அறையின் பின்மூலைகளில் அன்றி, இருக்கையின் பக்கவாட்டில் சற்றே பின்தள்ளி இருத்தல் வேண்டும். சிறிய அறைகளில் இவற்றைக் காது மட்டத்திற்குச் சற்று மேலே சுவரில் பொருத்தினால், ஒரு பக்கம் அமர்ந்தவருக்கு அருகிலுள்ள ஒலி மிகுந்து கேட்பது குறையும்.

ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிநொடி ஆகின்றது. ஆதலால் ஒவ்வொரு ஒலிபெருக்கியின் தொலைவையும் அளந்து ரிசீவரில் பதிந்தால், எல்லா ஒலிகளும் ஒரே நேரத்தில் காதை அடையும். கம்பிகளின் நேர், எதிர் முனைகள் மாறாமல் இணைப்பதும் இன்றியமையாதது; ஒன்று மாறினாலும் தாழ் ஒலி நலிவுறும். கம்பியில்லா ஒலிபெருக்கிகளுள் பெரும்பாலானவற்றிற்கும் மின் இணைப்பு தேவைப்படும் என்பதால், மின்செருகி இருக்கும் இடத்தையும் முன்னரே பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- ஒலிபெருக்கி
- டெசிபெல்
- அதிர்வெண்