கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் மாணாக்கரின் வெளிநடப்பு

1848-ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் கலிபோர்னியா மெக்ஸிகோவினின்று பிரிந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்தபின், அம்மண்ணில் முன்னரே குடியிருந்தோரின் சந்ததியாரும், பழத்தோட்டங்களிலும் ரயில்பாதைகளிலும் உழைக்கப் பின்னர் வந்தோரின் சந்ததியாரும், கல்வியென்னும் பொதுச்சொத்தில் தமக்குரிய பங்கைப் பெற ஒரு நூற்றாண்டுக்கு மேல் போராட வேண்டியவராயினர். ஆரஞ்சு மாவட்டத்தில் மெக்ஸிகோ வமிசத்துப் பிள்ளைகளுக்கென்று தனிப்பள்ளிகளே இருந்தன. தம் மக்களை வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் சேர்க்க மறுத்தமை பொறாத கொன்சாலோ மெண்டெஸ், வேறு நான்கு குடும்பத்தாரோடு கூடித் தொடுத்த வழக்கில், அப்பிரிவினை தகாதென்று 1946-இல் கீழ்க்கோர்ட்டாரும் 1947-இல் மேல்கோர்ட்டாரும் தீர்ப்பளித்தனர்.

தீர்ப்பு கதவைத் திறந்தது. உள்ளிருந்தோர் மனோபாவத்தை மாற்றவில்லை. கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸின் உயர்நிலைப்பள்ளிகளில், தாய் பேசிய ஸ்பானிஷ் பாஷையை வாய்தவறிப் பேசியதற்காகத் தண்டனை பெற்றவரும், கலாசாலைக்குச் செல்லும் தகுதியிருந்தும் கைத்தொழில் வகுப்புக்கே அனுப்பப்பட்டவரும், படிப்பை முடிக்காமலே விலகியவரும் அநேகர். தம் முன்னோரின் சரித்திரத்தைப் பாடப்புத்தகத்தில் தேடிய சிறுவர் அதைக் காணவில்லை. லிங்கன் பள்ளியில் உபாத்தியாயராயிருந்த சால் காஸ்ட்ரோ, இக்குறையைச் சகித்திருப்பது கடமையன்றென்று மாணாக்கருக்கு எடுத்துரைத்தார்.

1968 மார்ச் 1-ஆம் தேதி வில்சன் பள்ளியில் தொடங்கி, அடுத்த வாரத்தில் கார்பீல்டு, ரூஸ்வெல்ட், லிங்கன், பெல்மாண்ட் ஆகிய பள்ளிகளிலும் பரவிய வெளிநடப்பில் 10,000-க்கு மேற்பட்ட மாணாக்கர் கலந்துகொண்டனர். இரு பாஷைகளில் போதனை, மெக்ஸிகோ மக்களின் சரித்திரப் பாடம், தம் இனத்து ஆசிரியர்கள், நல்ல நூல்நிலையம் ஆகியவற்றை அவர்கள் கல்விச் சபையாரிடம் கோரினர். போலீஸாரின் தடியடிக்குச் சிலர் ஆளாயினர்; சதிக்குற்றம் சாட்டப்பட்ட 13 பேரில் காஸ்ட்ரோவும் ஒருவர். வேலையினின்று விலக்கப்பட்ட அவரை, பெற்றோரும் மாணாக்கரும் சபை மண்டபத்தில் இரவு பகலாக அமர்ந்து மீட்டனர். குற்றச்சாட்டுகளும் 1970-இல் மேல்முறையீட்டில் நிலைக்காமற்போயின.

இனப்பற்று பள்ளிப்பற்றுக்கு விரோதமென்று அஞ்சுவோர் இச்சரித்திரத்தை ஊன்றி வாசித்தல் வேண்டும். பள்ளியை வெறுத்தவன் மௌனமாக விலகிப்போவான். அதற்கு நல்ல நூல்நிலையம் வேண்டுமென்று கேட்பவனோ, அதைத் தன்னுடையதென்று பாராட்டுகிறவன். மெக்ஸிகோ வமிசத்து அமெரிக்கரைக் குறிக்கும் சிகானோ என்னும் பெயரைப் பெருமையோடு சொல்லிக்கொண்ட அவ்விளைஞர்கள், தம் குலத்தின் கௌரவத்தோடு வகுப்பறைக்குள் அமரும் பாத்தியதையையே வேண்டினர். அப்பாத்தியதையை மனமுவந்து அளிக்கும் பள்ளியே தன் மாணாக்கரின் அபிமானத்தை எதிர்பார்க்கத் தக்கது.